பச்சை மைக்காரனைத் தேடி

முதல் நாள், ஞாயிறு: திருவல்லிக்கேணி

ஐந்து நாள் லீவு கிடைத்தது. "நாலு கோயிலுக்குப் போயிட்டு வாங்க, மனசு லேசாகும்" என்று வீட்டில் வழியனுப்பி வைத்தார்கள். போகிற ஊரெல்லாம் கோயில் இருக்கிற ஊர்கள்தான். ஆகவே நான் பொய் எதுவும் சொல்லவில்லை. ஆனால் சட்டைப் பையில் இருப்பது என்னிடம் இல்லாத பழைய காமிக்ஸ்களின் பட்டியல். நாலாக மடித்து மடித்து, மடிப்பில் இருந்த எண்கள் அழிந்தே போய்விட்டன.

காலை எட்டு மணிக்கெல்லாம் பைகிராப்ட்ஸ் ரோடு. பாரதி சாலை என்று பெயர் மாறி எத்தனையோ காலமாகியும் பழைய புத்தகம் தேடுகிறவர்களுக்கு அது பைகிராப்ட்ஸ் ரோடுதான். நடைபாதையில் தார்ப்பாயை விரித்து, போட்டித் தேர்வு கைடுகளை முன்வரிசையில் அடுக்குகிறார்கள். நமக்கு வேண்டியது அடுக்காத மூட்டையில்தான் இருக்கும். அவர்கள் பிரிக்கும்வரை டீ குடித்தபடி நிற்க வேண்டும்.

ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். வேண்டிய புத்தகத்தை முதலில் கையில் எடுக்கவே கூடாது. ஒரு ஜோதிடப் புத்தகம், ஒரு சமையல் குறிப்பு, கூடவே ஏனோதானோ என்று அந்தக் காமிக்ஸ், மூன்றையும் சேர்த்து நீட்டி "எவ்வளவுண்ணே?" என்று கேட்க வேண்டும். இத்தனை வருஷமாகப் பலித்த வித்தை. இன்றைக்குக் கடைக்காரர் மற்ற இரண்டையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "இது மட்டும் முந்நூறு சார். மத்தது ரெண்டும் சும்மாவே எடுத்துக்கங்க" என்றார். இப்போதெல்லாம் எல்லோர் கையிலும் போன் இருக்கிறது.

முந்நூறு கொடுத்தேன். 1980களின் ராணி காமிக்ஸ் இரண்டு, பின் அட்டையோடு. என் வயதுக்காரர்களுக்கு 1984 ஜூலை ஒரு புண்ணிய மாதம். லயன் காமிக்ஸ் 'கத்தி முனையில் மாடஸ்டி'யோடும், ராணி காமிக்ஸ் ஜேம்ஸ் பாண்டின் 'அழகியைத் தேடி'யோடும் அந்த ஒரே மாதத்தில்தான் ஆரம்பித்தன. நான் அப்போது நாலாம் வகுப்பு. தலைப்பைப் பார்த்தாலே தெரியும், இரண்டையும் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்துத்தான் படிக்க வேண்டியிருந்தது. ராணி காமிக்ஸ் விலை ஒன்றரை ரூபாய். 2005-இல் நிற்பதற்குள் 500 இதழ் போட்டார்கள்.

மாமா கையைப் பிடித்துக்கொண்டு, பழைய புத்தகக் கடைகள் இருந்த சென்னை மூர் மார்க்கெட்டுக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். 1985-இல் அது எரிந்து போனது. அங்கே வாங்கியது என்ன என்று மறந்துவிட்டது. வாங்கித் தராதது மட்டும் அட்டைப்படத்தோடு ஞாபகம் இருக்கிறது.

இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ். மேல் பெர்த்.

இரண்டாம் நாள், திங்கள்: திருச்சி

மெயின்கார்டு கேட் பக்கம் பழைய புத்தகக் கடைகள் பத்து மணிக்கு மேல்தான் திறந்தன. முதல் இரண்டில் கல்லூரிப் பாடப் புத்தகம் மட்டும். மூன்றாவதில் ஒரு பெரியவர். காமிக்ஸ் என்றதும் ஸ்டூலைக் காட்டி, "உக்காருங்க தம்பி, மேல கிடக்கு" என்று பரணில் ஏறப் போனார். நான் பதறிப்போய், "ஐயா, நீங்க இருங்க" என்று ஏறினேன். சணல் கயிறு கட்டிய சின்னக் கட்டு. நாலே நாலு புத்தகம்.

நாலிலும் ஊதா மையில் வட்ட முத்திரை. முதல் பக்கம், நடுப்பக்கம், கடைசிப் பக்கம். நடுப்பக்க முத்திரை சரியாகக் கதாநாயகன் மூக்கின் மேல். 'வாடகை நூல் நிலையம்' என்பது மட்டும் படிக்க முடிகிறது. சுற்றிலும் இருந்த பெயர் விரல் பட்டுப் பட்டு மங்கிவிட்டது. ஊர்ப்பெயரில் மிஞ்சியது '…பட்டி'. தெற்கே போனால் பட்டியில் முடியாத ஊரைத்தான் எண்ண வேண்டும்.

என்னை மயக்கியது முத்திரை இல்லை. ஒரு புத்தகத்தின் மூன்றாம் பக்கத்தில், ஒரு பாத்திரம் முதன்முதலாக வருகிற கட்டத்துக்குப் பக்கத்தில் பச்சை மையால் அம்புக்குறி. 'இவன்தான் கொலைகாரன்.'

அடப்பாவி! எங்கள் தெருவிலும் இப்படி ஒருத்தன் இருந்தான். வாடகை லைப்ரரியில் நமக்கு முன்னால் எடுத்துப் போய், முடிவை எழுதித் திருப்பிக் கொடுப்பான். ஒரு நாளைக்குப் பத்து பைசா கொடுத்து வாங்கி வந்து, மூன்றாம் பக்கத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டால் எப்படி இருக்கும்! மற்ற மூன்றையும் புரட்டினேன். இரண்டில் அதே பச்சை மை, அதே சாய்ந்த எழுத்து. 'பெட்டி கிணற்றுக்குள் இருக்கிறது.' 'டாக்டர் செத்துப் போகவில்லை, நடிக்கிறார்.' நாலாவதில் முடிவு எதுவும் எழுதவில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு சொல்: 'பிரமாதம்.'

இவை எங்கிருந்து வந்தன என்று கேட்டேன். பெரியவர் யோசித்தார். "விருதுநகர்ப் பக்கத்து பேப்பர் வியாபாரி ஒருத்தர் லோடுல வந்தது. சிவகாசியில குடோன் வச்சிருக்காரு. பேரு…" பெயர் வரவில்லை. கணக்கு நோட்டில் தேடி ஒரு தெருப்பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தார். நாலும் சேர்த்து எண்ணூறு கேட்டார். பேரம் பேசவில்லை. பரணில் ஏறவிட்டதற்கே கொடுக்கலாம்.

இரவு லாட்ஜில் அறுவை சிகிச்சை. பழைய காமிக்ஸுக்கு முதல் எதிரி பூச்சி என்பார்கள். என் கணக்கில் ஸ்டேப்பிள் பின்தான். துருப்பிடித்து, சுற்றியுள்ள காகிதத்தைத் தின்று, நடுப்பக்கத்தைத் தனியாகக் கழற்றிவிடும். அதைப் பிடித்து இழுக்கவே கூடாது. புத்தகத்தை நடுப்பக்கத்தில் விரித்து, பின்னின் இரண்டு கால்களையும் மொட்டைக் கத்தி முனையால் மெல்ல நிமிர்த்த வேண்டும். கால் நிமிர்ந்த பிறகு, முதுகுப் பக்கமிருந்து தலையைப் பிடித்தால் தானே வந்துவிடும். துருத்தூளைப் பெயின்ட் பிரஷால் தட்டிவிட்டு, அதே ஓட்டைகளில் வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்து ஒரு முடிச்சு. ஒரு புத்தகத்துக்கு இருபது நிமிஷம். ஒருவருக்கும் புரியாத இருபது நிமிஷ சுகம்.

செல்லோடேப் ஒட்டுகிற புண்ணியவான்களுக்கு ஒரு வார்த்தை: வேண்டாம். சில வருஷத்தில் டேப் தேன் நிறமாகி உதிர்ந்துவிடும். பசை மட்டும் காகிதத்துக்குள் இறங்கி அங்கேயே குடியிருக்கும். அதற்குக் கிழிசலே தேவலை.

மூன்றாம் நாள், செவ்வாய்: காரைக்குடி, கோட்டையூர்

புதுக்கோட்டை வழியாகப் பஸ். திருக்கோகர்ணத்தில் ஞானாலயா இருக்கிறது. தனிமனித முயற்சியில் லட்சத்துக்கும் மேல் சேர்த்த நூலகம், முதல் பதிப்புகளுக்குப் பேர் போனது. இறங்கவில்லை. இறங்கினால் என் பயணம் அங்கேயே முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள். எனாமல் தூக்குச்சட்டி, மரத்தூண், ரவிவர்மா படம். ஒரு கடையில் சுவரைப் பார்த்தேன், வயிறு எரிந்தது. இரும்புக்கை மாயாவி காமிக்ஸ் அட்டை ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். "உள் பக்கமெல்லாம் எங்கே?" என்றேன். "அது பழுப்பா இருந்துச்சு சார், பேப்பருக்குப் போட்டாச்சு. அட்டைதான் ஆன்டிக். ஆயிரத்தைந்நூறு."

வந்துவிட்டேன். என்னைப் பொறுத்தவரை காமிக்ஸ் என்பது அந்தப் பழுப்புதான். மட்டரகக் காகிதத்தில் மரக்கூழின் லிக்னின் அப்படியே இருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுக்கும். பிரித்ததும் வருகிற லேசான வெனிலா வாசனையும் அந்த லிக்னின் சிதைவதால்தான். சாவின் வாசனை என்று சொல்லலாம். அப்படியானால் எனக்குப் பிடித்த சாவு அது.

மாலையில் கோட்டையூர் போனேன். பார்க்க ஒன்றும் இல்லை, தெரிந்தேதான் போனேன். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா என்கிற மனிதர் இந்த ஊரில் இருந்துகொண்டுதான் புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேர்த்தார். 1992-இல் அவர் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அமெரிக்காவுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே வைத்து ஆராய்ச்சி நூலகமாக்கினார்கள். இன்று தரமணியில் இருக்கிறது. அவர் சேர்த்துக்கொண்டிருந்த காலத்தில் ஊரார் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை. நேற்று போனில் என் மனைவி சொன்னதைத்தான் சொல்லியிருப்பார்கள்: "ஏங்க, இருக்கிறதுக்கே பீரோ பத்தல."

தெருவில் கொஞ்ச நேரம் நடந்தேன். பூட்டிய பெரிய வீடுகள். ஒவ்வொரு வீட்டுப் பரணிலும் என்ன இருக்கும் என்று நினைத்தால் தூக்கம் வராது.

நான்காம் நாள், புதன்: மதுரை

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், சொல்ல அதிகம் இல்லை. மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போனேன் (வீட்டுக்குக் கொடுத்த வாக்கு). எதிரே புதுமண்டபம். அங்கே தூணுக்குத் தூண் புத்தகக் கடை, தையல்காரர், பித்தளைக் கடை என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு வெறும் மண்டபம் விசித்திரமாக இருந்தது. கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். சிற்பங்களுக்கு நல்லதுதான். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

கிடைத்தது இரண்டு. ஒன்று, அம்புலிமாமா. தோளில் பிணமும் கையில் வாளுமாக விக்கிரமன் நடக்கிற, ஓவியர் சங்கர் வரைந்த படம் போட்ட இதழ். படக்கதைக் கணக்கில் சேராதுதான். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்து இரவில் கொல்லைப்புறம் போகப் பயந்தவன் நான். விட்டுவிட்டு வர முடியவில்லை.

இன்னொன்று, யாரோ வாரப் பத்திரிகையிலிருந்து ஒரு படக்கதைத் தொடரைக் கத்தரித்துச் சேர்த்த பைண்டு புத்தகம். கத்தரித்தவர் பொறுமைசாலி, ஒரு வாரம்கூட விட்டுப் போகவில்லை. பைண்டர் அவசரக்காரர். மூன்று பக்கமும் வெட்டித் தள்ளியதில் ஓரத்து வசன பலூன்களில் முதல் எழுத்து போய்விட்டது. '…ங்கே ஓடுகிறாய்?' '…யோ! …ப்பாற்றுங்கள்!' பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுத்துகளை நிரப்பியபடி பாதி படித்தேன். ஆனால் பசையை நன்றாகக் காய்ச்சியிருக்கிறார். மைதாவில் மயில்துத்தம் கலந்திருப்பார் போல, ஒரு பூச்சி ஓட்டைகூட இல்லை. என் அலமாரியில் வசம்பு வைத்தும் இராமபாணப் பூச்சி அடங்குவதில்லை.

ஐந்தாம் நாள், வியாழன்: சிவகாசி

என் வயதுக்காரனுக்கு இது காசி மாதிரிதான். தீப்பெட்டித் தொழில் கற்க 1922-இல் இந்த ஊரிலிருந்து இரண்டு பேர் கல்கத்தாவுக்குப் போனார்கள். தீப்பெட்டி வந்ததும் அதற்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சு வேண்டும் என்று ஒன்றைத் தொட்டு ஒன்று வளர்ந்தது. அந்த அச்சு ஊரிலிருந்துதான் 1972-இல் முத்து காமிக்ஸ் வந்தது. நிறுவியவர் சௌந்தரபாண்டியன், முதல் ஆசிரியர் முல்லை தங்கராசன், முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. பத்து வருஷத்துக்கு முன்பு, 1962-இல் இங்கிலாந்தில் 'வேலியண்ட்' வார இதழில் ஆரம்பித்த தொடர். படம் போட்டவர் ஸ்பெயின்காரர், ஜீசஸ் பிளாஸ்கோ. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு முழுக்க மறைந்து, இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். இங்கிலாந்துக் குழந்தைகளுக்குப் பிறகு அந்தக் கையைப் பார்த்து இத்தனை காலம் வாயைப் பிளந்தவர்கள் நாம்தான் என்பது என் தனிப்பட்ட கருத்து. லயன், முத்து இரண்டும் இன்றைக்கும் இந்த ஊரிலிருந்துதான் வருகின்றன. மறுபதிப்புகள் என்னிடம் எல்லாம் இருக்கின்றன. வழவழப்பான தாள், பளிச்சென்ற அச்சு. கதை படிக்க அதைத்தான் எடுப்பேன்.

பிறகு பழசு எதற்கு என்று மகள் கேட்டாள். அப்போது பதில் வரவில்லை. இந்த நாலு நாளாக யோசித்துப் பார்த்தால், மறுபதிப்பில் பச்சை மை இல்லை என்பதுதான் விஷயம்.

பெரியவர் எழுதிக் கொடுத்த தெருவைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம். குடோன் வாசலில் தராசு. உள்ளே கூரை வரை காகிதம். அண்ணாச்சி நெற்றி நிறைய விபூதியோடு கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காமிக்ஸா? வெடிக்குக் குழாய் சுத்தத்தான் போகும் இதெல்லாம். நல்ல தாள் கெட்ட தாள்னு யார் பாக்கா?"

சொன்னதும் தீபாவளி மறுநாள் காலை ஞாபகம் வந்தது. வாசலில் சிதறிக் கிடக்கும் வெடிக் காகிதத்தைப் பொறுக்கிப் பாதி வரிகளைப் படிப்போமே! ஒரு தடவை எனக்கு ஒரு படக்கதைத் துண்டு கிடைத்தது. ஒரு கை, ஒரு துப்பாக்கி, சுற்றிலும் கருகல். எந்தக் கதை என்று பல நாள் தேடினேன்.

"திருச்சிக்கு ஒரு கட்டு போச்சே அண்ணாச்சி, ஊதா சீல் குத்தினது?"

"அதுவா. ஒரு லைப்ரரிக்காரர் வீட்டம்மா போட்டது. அவர் தவறிப் போய் ரொம்ப வருஷமாச்சுன்னாங்க. மிச்சம் கிடக்கும், பாருங்க. அந்த மூலை."

எந்தப் பட்டி என்று கேட்டேன். ஞாபகமில்லை என்றார். மூலையில் மூன்று மணி நேரம். வியர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டது, தும்மல் நிற்கவில்லை. ஒரு பையன் பாவம் பார்த்து கலர் வாங்கி வந்து கொடுத்தான். கிடைத்தவை ஏழு. ஒன்றுக்கு அட்டை இல்லை, ஒன்றில் கடைசித் தாள் இல்லை. அண்ணாச்சி ஏழையும் தராசில் வைத்தார். ஒரு கிலோகூட வரவில்லை. "இதுக்கு என்னத்த வாங்க? டீ சாப்பிட்டுப் போங்க" என்றார். கட்டாயப்படுத்தி இருநூறு வைத்துவிட்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை முந்நூறு கொடுத்தவனுக்கு உறுத்தாதா?

இப்போது லாட்ஜ், இரவு பதினொன்று. ஏழையும் கட்டிலில் பரப்பியிருக்கிறேன்.

ஒன்றின் அட்டை உட்புறத்தில் கோடு போட்ட சீட்டு ஒட்டியிருக்கிறது. தேதி, உறுப்பினர் எண். ஒரே புத்தகத்தை 17-ஆம் எண்காரர் ஆறு தடவை எடுத்திருக்கிறார். இரண்டு தடவை அடுத்தடுத்த நாள். ஆறு பத்து பைசா! அந்தக் காசுக்கு என்னென்ன தின்றிருக்கலாம் என்பது எனக்குத் தெரியும்.

ஐந்து புத்தகங்களில் பச்சை மை. நாலைப் பார்த்தாகிவிட்டது. மறுபதிப்பில் ஏற்கெனவே படித்த கதைகள்தான். நாலிலும் சொன்னது சரி. திருச்சியில் கிடைத்த மூன்றையும் சேர்த்தால் ஏழுக்கு ஏழு. ஆசாமி கெட்டவன், ஆனால் ஒழுங்கானவன்.

ஐந்தாவது நான் இதுவரை படிக்காத கதை. இத்தனை வருஷத் தேடலில் கண்ணிலேயே படாதது. தலைப்பைச் சொல்ல மாட்டேன். ஏன் என்று கீழே தெரியும். மூன்றாம் பக்கத்தில் பச்சை எழுத்தின் மேல் யாரோ நீல மையால் அடித்து அடித்து நிரப்பியிருக்கிறார்கள். கோபத்தில் கிறுக்கியதில்லை. ஓரம் தாண்டாமல், ஒரு எழுத்தும் தெரியாமல், அடுத்துப் படிக்கப் போகிறவனுக்காகப் பொறுமையாக அடைத்த அடைப்பு. அவ்வளவு அழுத்தியதில் காகிதம் பின்பக்கம் புடைத்திருக்கிறது.

அந்த மனிதர் எனக்காகப் பட்ட பாட்டுக்கு நான் மரியாதை கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. கட்டிலில் ஏறி நின்று, தாளை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன். பின்பக்கத்திலிருந்து, தலைகீழ்க் கண்ணாடியில் பார்ப்பதுபோல், மெல்லத் தெரிந்தது: 'திருடியது வேலைக்காரன்தான்.'

என்னையே திட்டிக்கொண்டு படிக்க உட்கார்ந்தேன். வேலைக்காரன் காபி கொண்டு வந்தால் சந்தேகம், கதவைச் சாத்தினால் சந்தேகம். விறுவிறுப்பு எல்லாம் போச்சு. இப்போதுதான் முடித்தேன், மணி பன்னிரண்டே கால்.

வேலைக்காரன் இல்லை!